மெயில் வண்டியும் ஒரு கணக்குக் கொப்பியும்

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்பது யாழ்ப்பாணத்தின் பிரசித்தமான பழமொழி. அரசாங்க உத்தியோக மோகத்தைக் கேலி செய்வதற்கே இன்று பலரும் அதை எடுத்தாள்கின்றனர். அந்தக் கோழிகள் எங்கே மேய்ந்தன என்று கேட்பவர் குறைவு. அவற்றிற் பெரும்பாலானவை ஏறத்தாழ 400 கிலோமீற்றருக்கு அப்பால், கொழும்பிலே மேய்ந்தன.

இதற்கு மோகம் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. சுண்ணாம்புக் கற்பாறையின் மேல் மெல்லிய மண், ஆறு இல்லை, கிணற்றை நம்பிய தோட்டம், சீதனத்திலும் முதுசத்திலும் துண்டுதுண்டாகப் பிரிந்துபோன காணி. மறுபுறம், 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினறி தொடங்கிய காலத்திலிருந்தே மிஷனரிமார் பரப்பிய ஆங்கிலக் கல்வி. படித்தவனுக்கு ஊரிலே வேலை இல்லை. ஒரு பகுதியினர் மலாயாவுக்குக் கப்பலேறினர். மறுபகுதியினரைக் கொழும்பு இழுத்தது. காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையிலான புகையிரதப் பாதை 1902 இல் திறக்கப்பட்டது. 1905 இல் அது தெற்கிலிருந்து வந்த பாதையோடு இணைந்தது. மலாயாவுக்குப் போனவர் போனவர்தான். அவர் திரும்பி வருவது ஊர்த் திருவிழா போன்றது. கொழும்புக்குப் போனவரோ, இரவில் ஏறினால் விடியற்காலையில் வீட்டு முற்றத்தில் நிற்கலாம். ஆகவே அவர் ஊரை விட்டுப் போனதாக ஊரும் எண்ணவில்லை, அவரும் எண்ணவில்லை.

அந்த இரவு மெயிலைப் பற்றித் தனியாகவே எழுதலாம். விடுமுறைக்கு முந்திய மாலைகளில் கோட்டைப் புகையிரத நிலையம் யாழ்ப்பாணத்துச் சந்தை போலாகிவிடும். அரசாங்க ஊழியரின் சட்டைப்பையில் ‘வாரண்ட்’ இருக்கும். இருக்கை கிடைக்காதவர் நிலத்திலே பத்திரிகையை விரித்துப் படுப்பார். (நாம் அச்சடித்த பத்திரிகைகளுக்கு வாய்த்த மிகப் பயனுள்ள உபயோகம் அதுவாகவும் இருக்கலாம்.) நால்வர் கூடினால் 304 தொடங்கிவிடும். திரும்பிப் போகும்போது பொதிகளின் வாசனை மாறும்: வறுத்த மா, மிளகாய்த்தூள், புழுக்கொடியல், நல்லெண்ணெய், பருவகாலமாயின் கறுத்தக் கொழும்பான் மாம்பழம். கொழும்பின் பெயரைத் தாங்கிய மாம்பழம் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போன வேடிக்கையை அப்போது எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

1956 ஏப்ரல் 23 ஆம் திகதி பகல்வண்டியாக ‘யாழ்தேவி’ ஓடத் தொடங்கியது. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான தூரம் முன்னெப்போதையும்விடக் குறுகியது. மூன்று மாதம் செல்வதற்கு முன்னரே தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. பாதை வசதியான அதே ஆண்டில், அந்தப் பாதையின் முனையிலிருந்த உத்தியோகத்தின் கதவு ஒடுங்கத் தொடங்கியது. பின்னர் சேர்ந்த தமிழ் ஊழியருக்குச் சிங்களத் தேர்ச்சியின்றி முன்னேறுவது கடினமாயிற்று. 1958 கலவரத்தில் அகதிகளான கொழும்புத் தமிழர் வடக்கே வந்து சேர்ந்தது கப்பலில். ஆயினும், கலவரம் அடங்கியதும் பெரும்பாலானோர் மீண்டும் மெயிலேறினர்.

அவ்வாறாயின் உள்ளூரில் வேலையே இருக்கவில்லையா? இருந்தது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் உற்பத்தியைத் தொடங்கியிருந்தது. பாடசாலைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் இருந்தன. 1970 இன் பின்னர் வெங்காயமும் மிளகாயும் இறக்குமதியாவது கட்டுப்படுத்தப்பட்டபோது, தோட்டக்காரர் கொழும்பு எழுதுவினைஞரைப் பார்த்துச் சிரிக்கும் நிலையும் வந்தது.

அக்காலத்திலே, 1974 இல், என் தந்தையார் போட்ட கணக்கொன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. கொழும்பில் ஒரு திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்த அவருக்கு, ஊரிலே பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்காளர் வேலை கிடைக்கவிருந்தது. சம்பளம் கொழும்பில் பெற்றதில் மூன்றில் இரண்டு. ஒரு சீ.ஆர். கொப்பியில் இரு நிரல்கள் வரைந்து, வெள்ளவத்தை அறை வாடகை, சைவக்கடைச் சாப்பாடு, சலவை, மணியோடர்க் கூலி எல்லாவற்றையும் கழித்திருக்கிறார். கழித்து வந்தபோது கையில் மிஞ்சும் தொகை இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் கொழும்பு நிரலின் கீழே ‘பென்சன்’ என்று எழுதி இரு கோடுகள் இழுத்திருந்தார். “தம்பி, பென்சனை விட்டிட்டு ஆரும் வருவினமோ?” என்று பேரனார் கேட்டதாக அம்மா சொல்வார். அந்த வேலையை அப்பாவின் பள்ளித் தோழர் ஒருவர் ஏற்றுக்கொண்டார்.

இனி நடந்தது நாட்டின் வரலாறு. 1983 ஜூலையில் அப்பாவும் அகதியாகக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்தார்; பின்னர் வடக்கே இடமாற்றம் பெற்று, 1989 இல் ஓய்வுபெற்றார். 1990 ஜூன் மாதத்தோடு யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் நின்றது. சீமெந்துத் தொழிற்சாலையும் அவ்வாண்டிலேயே ஓய்ந்தது. ஆக, அப்பாவின் கணக்குப் பிழைத்துவிட்டதென்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்ல முடியவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில், பாதைகள் அடைபட்டிருந்தபோதும், ஓய்வூதியம் தாமதித்தேனும் வந்துகொண்டிருந்தது. அதை வைத்தே அடுப்பெரிந்தது. தோழருக்குச் சேமலாப நிதி மொத்தமாகக் கிடைத்தது. ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு அலைந்த நாட்களில் விலைவாசி அதை விழுங்கியது. ஆனால் அவருடைய பிள்ளைகள் தகப்பனோடு இருந்து படித்தார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது இரு குடும்பங்களும் ஒரே மழையில், சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு, தென்மராட்சிக்கு நடந்தோம்.

2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் புகையிரதம் வந்தது. அப்போது அப்பா இல்லை. பத்திரிகைத் தொழிலுக்காக நானும் கொழும்பையே தெரிந்தெடுத்திருந்தேன். விடுமுறையில் அந்த வண்டியில் ஊருக்குப் போயிருந்த சமயம் கொப்பியை எடுத்துப் புரட்டினேன். பின்பக்கத்தில் பென்சிலால், அம்மாவின் எழுத்தில், இன்னொரு நிரல் இருந்தது. ‘வீட்டில் நின்ற நாட்கள்’ என்று தலைப்பு. கலியாணமான 1963 முதல் 1983 வரை, ஆண்டு ஆண்டாக, பழைய கலண்டர்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். கூட்டுத்தொகை 1,263. இருபது வருடத்தில் மூன்றரை வருடமும் இல்லை.

இதை ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன்.

“மிச்சத் தாள் கிடந்தது, எழுதினன்” என்றார்.