புதிய காரின் சாயத்தில் வட்டக் கீறல்கள்: தேய்ப்பதற்கு முன் அளந்து பாருங்கள்

கார் வாங்கி நான்கைந்து மாதங்கள்தான் ஆகியிருக்கும். இரவில் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்திவிட்டு விளக்கு வெளிச்சத்தில் பானட்டைப் பார்த்தால், சிலந்தி வலை பின்னியதுபோல் வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். கறுப்பு, அடர்நீலக் கார்களில் இவை பளிச்சென்று தெரியும். வெள்ளைக் காரிலும் உண்டு; கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். ஒன்பது ஆண்டுக் கடனில் வாங்கிய கார் அதற்குள் பழசாகிவிட்டதே என்று மனம் கலங்கி, அடுத்த நாளே பக்கத்துக் கடையில் 'பாலிஷ்' போடக் கொடுத்துவிடுகிறோம். பல வேளைகளில் கீறலைவிட அந்த அவசரம்தான் காருக்கு அதிகச் சேதம் செய்கிறது.

காரணம் எளிது. தொழிற்சாலையில் காருக்கு அடிக்கப்படும் சாயம் ஒரே பூச்சு அல்ல. இரும்புத் தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதன் மேல் அடிப்பூச்சு, பிறகு நிறம், கடைசியாக நிறமற்ற 'கிளியர் கோட்' என்று அடுக்கடுக்காக இருக்கிறது. இவை அத்தனையும் சேர்ந்தே பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரோன்தான். ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் கிளியர் கோட் ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரோன். நம் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தாங்கி நிறத்தைக் காப்பது இந்த அடுக்குதான். பளபளப்பும் இதனுடையதே.

'கீறலை எடுக்கிறோம்' என்று கடைக்காரர் சொல்வதன் பொருள், கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்துக் குறைத்து, கீறலின் அடிமட்டத்துக்குக் கொண்டுவருகிறோம் என்பதே. கரடுமுரடான காம்பவுண்டால் ஒருமுறை அழுத்தித் தேய்த்தாலே சில மைக்ரோன்கள் போய்விடும், போனது திரும்பாது. ஆண்டுக்கு இரண்டு முறை, தீபாவளிக்கு ஒன்று பொங்கலுக்கு ஒன்று என்று பாலிஷ் போட்டால், கடன் முடிவதற்குள் கூரையும் பானட்டும் வெளுத்துத் தோலுரிய வாய்ப்பு அதிகம். நம் ஊர் வெயிலில் அப்படி உரிந்த கார்களை எல்லா வாகன நிறுத்துமிடங்களிலும் பார்க்கலாம்.

ஆகவே முதல் வேலை அளப்பது. சாயத்தின் தடிமனை அளக்கும் கைக்கருவி நல்ல கடைகளில் இருக்கும். இல்லை என்று சொல்லும் கடையில் புதுக் காரை விடாதீர்கள். பானட், கூரை, கதவுகள் என ஒவ்வொரு பாகத்திலும் பல இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். கருவி மொத்தத் தடிமனை மட்டுமே காட்டும். கிளியர் கோட்டைத் தனியாகக் காட்டாது. பிளாஸ்டிக் பம்பரில் வழக்கமான கருவி வேலை செய்யாது. ஒரு கதவு மட்டும் மற்ற பாகங்களைவிட மிகக் கூடுதலாக, 200 மைக்ரோனைத் தாண்டிக் காட்டினால், அது மறுபடி சாயம் அடிக்கப்பட்டதாக இருக்கலாம். ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே பட்டி பூசப்பட்டிருக்கும் என்றே சந்தேகிக்க வேண்டும். புதுக் கார்தானே என்று நினைக்க வேண்டாம். கொண்டுவரும் வழியில் அடிபட்டுச் சரிசெய்யப்பட்ட கார்களும் உண்டு.

அடுத்து, குறை சாயத்தின் மேலே ஒட்டியிருக்கிறதா, சாயத்துக்குள் இறங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும். கழுவிய காரின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் அது தூசு, பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் துகள், மரப்பிசின் போன்றவை. இரும்புத் துகளைக் கரைக்கும் திரவத்தைத் தெளித்தால் அது ஊதா நிறமாக மாறி வழியும். மிச்சத்தைக் களிமண் போன்ற 'கிளே பார்' கட்டியால், வழுக்கும் திரவம் விட்டு, அழுத்தாமல் எடுக்கலாம். இதற்கே கார் பாதி புதிதாகிவிடும். அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தள நிறுத்துமிடத்தில் கூரையிலிருந்து சொட்டும் சிமெண்ட் நீர் வேறு வகை. அது காரத்தன்மை உடையது. காய்ந்தால் வெள்ளைப் புள்ளியாக இறுகிவிடும். நகத்தால் சுரண்டினால் கீறல்தான் மிஞ்சும். தண்ணீர் கலந்த வினிகரைத் துணியில் நனைத்துச் சிறிது நேரம் வைத்து இளக்கி, பிறகு நன்றாகக் கழுவ வேண்டும்.

உள்ளே இறங்கிய கீறலுக்கு நகச் சோதனை போதும். கீறலின் குறுக்கே நகத்தை மெல்ல ஓட்டுங்கள். நகம் தட்டினால் பாலிஷால் அது போகாது. போகவைக்க முயன்றால் கிளியர் கோட் போய்விடும். தட்டாத கீறலை மட்டுமே தேய்த்துச் சரிசெய்யலாம்.

அதையும் முழுக் காரில் தொடங்கக் கூடாது. பானட்டில் ஒன்றரை அடிச் சதுரத்தைத் தேர்ந்தெடுத்து, மென்மையான பஞ்சும் மிக நுண்ணிய பாலிஷும் கொண்டு முதலில் முயல வேண்டும். அது போதாவிட்டால்தான் ஒரு படி கூட்டுவது. சில கடைகள் நேர் எதிராக, நேரத்தை மிச்சப்படுத்த வேகமாகச் சுழலும் ரோட்டரி இயந்திரத்தையும் காம்பவுண்டையும் முதலிலேயே எடுத்துவிடுவார்கள். அனுபவமில்லாத கையில் அந்த இயந்திரம் சாயத்தைச் சூடாக்கி எரித்துவிடும். வெயிலில் பார்த்தால் புகைபோன்ற அலைகளையும் விட்டுச் செல்லும். சுழன்றுகொண்டே அசையும் 'டூவல் ஆக்‌ஷன்' இயந்திரம் மெதுவானது, ஆனால் பாதுகாப்பானது. கதவின் விளிம்பு, பானட்டின் மடிப்புக் கோடு ஆகிய இடங்களில் சாயம் சீக்கிரம் தேய்ந்துபோகும். அங்கே டேப் ஒட்டியிருக்கிறார்களா என்று கவனியுங்கள். நூற்றுக்கு எண்பது கீறல் போனால் நிறுத்திக்கொள்ளச் சொல்வதே என் யோசனை. மீதி இருபதுக்காகக் கிளியர் கோட்டைச் செலவழிப்பது புதுக் காருக்கு நட்டம்.

இங்கே ஓர் ஏமாற்றும் நடப்பதுண்டு. சில பாலிஷ்களில் எண்ணெயும் மெழுகும் கலந்திருக்கும். அவை கீறலை நிரப்பி மறைத்துவிடும். நான்கு முறை கழுவியதும் எல்லாம் திரும்பி வந்து நிற்கும். காரை எடுக்கும்போது, தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பில் ஆல்கஹாலால் ஓரிடத்தைத் துடைத்து, பிறகு கைவிளக்கை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். உண்மையாக வேலை செய்தவர் தயங்காமல் காட்டுவார்.

நெடுஞ்சாலையில் லாரி தெறித்த கல்லால் சாயம் பெயர்ந்து தகடு தெரிந்தால், துரு பிடிப்பதற்குள் மூடுவது முக்கியம். கதவுத் தூணிலோ பானட்டின் அடியிலோ உள்ள வில்லையில் நிறக் குறியீடு இருக்கும். அதைக் கொடுத்து 'டச் அப்' சாயம் வாங்கலாம். சிறு புள்ளி தெரியத்தான் செய்யும். அதற்காக முழுக் கதவையும் மறுபடி அடிக்க அவசரப்பட வேண்டாம். தொழிற்சாலையில் வெறும் உடற்கூட்டை ஏறக்குறைய 140 பாகை செல்சியஸ் வரை சூடேற்றிச் சாயத்தை இறுக்குகிறார்கள். பட்டறையில் காரின் வயர்களும் பிளாஸ்டிக்கும் இருப்பதால் அறுபது பாகையை ஒட்டித்தான் சூடேற்ற முடியும். அசல் சாயத்துக்கு ஈடு அதுவேதான். காரை விற்கும்போதும் வாங்குபவர் இதைத்தான் அளப்பார்.

சின்னக் கீறலுக்குச் சொந்தக் காப்புறுதியில் கோரிக்கை வைத்தால் என்சிடி கழிவு போய்விடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். முதலாண்டு 25 விழுக்காட்டில் தொடங்கி 55 விழுக்காடு வரை உயரும் சலுகை அது.

சரிசெய்த பிறகே பாதுகாப்பு. கீறலோடு செராமிக் கோட்டிங் போட்டால், கீறலை அப்படியே மூடி வைத்ததாகிவிடும். செராமிக் என்பது ஓரிரு மைக்ரோன் அளவிலான மிக மெல்லிய படலம். தண்ணீர் உருண்டோடும், அழுக்கு எளிதில் போகும், பறவை எச்சத்தைத் துடைக்கச் சற்று அவகாசம் கிடைக்கும். கல்லடியை அது தடுக்காது. விளம்பரத்தில் வரும் '9எச்' என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. வைரத்தோடு ஒப்பிட அதில் ஒன்றுமில்லை. கல்லடியைத் தாங்குவது 'பிபிஎஃப்' எனப்படும் பாலியூரித்தேன் ஒட்டுப்படலம். அது 150 முதல் 200 மைக்ரோன் தடிமன், விலையும் அதற்கேற்ப. அடிக்கடி நெடுஞ்சாலையில் போகிறவர்கள் முன் பம்பருக்கும் பானட்டுக்கும் மட்டும் ஒட்டிக்கொள்ளலாம். படலத்தைக் காரின் மேலேயே வைத்துக் கத்தியால் வெட்டுகிறார்களா, முன்கூட்டியே அளவுக்கு வெட்டிக் கொண்டுவருகிறார்களா என்று கேட்பது நல்லது. பணம் குறைவென்றால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டிலேயே மெழுகு பூசினாலும் போதும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வட்டக் கீறல்களில் பெரும்பாலானவை பிறப்பது கழுவும்போதுதான். எல்லாக் காருக்கும் தேய்த்த அதே துணி, கீழே விழுந்து மணல் ஒட்டிய பஞ்சு, காய்ந்த தூசின் மேல் இறகுத் துடைப்பம்: இவையே காரணம். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மணலை இறக்குங்கள். சோப்பு நீருக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி. மேலிருந்து கீழாக வாருங்கள்; சக்கரத்துக்குத் தனித் துணி. பாத்திரம் கழுவும் சோப்பு மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். வெயிலில் சூடான பானட்டில் தண்ணீர் காயவிட்டால் புள்ளி விழும். பறவை எச்சத்தைக் கண்டதும் ஈரத் துணியை மேலே போட்டு ஊறவிட்டு எடுங்கள். வெயிலில் ஒரு பகல் கிடந்தாலே தடம் பதிந்துவிடும்.

இனிமேல்தான் கார் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒப்படைக்கும் முன் காரைக் கழுவவோ பாலிஷ் போடவோ வேண்டாம் என்று விற்பனையாளரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்து, படமெடுத்த பிறகே கையெழுத்திடுங்கள். குறை இருந்தும் அவர் ஏற்க மறுத்தால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை மூன்று ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் தேவையில்லை. தேதியுள்ள படங்களும் தடிமன் அளவு எழுதிய தாளும் அங்கே கைகொடுக்கும்.