சந்திரலேகாவின் நடனம்

பரதநாட்டியம், களரிப்பயிற்று, யோகம் மூன்றையும் சேர்த்துப் பெண்ணுடலின் விடுதலையைப் பேசிய நவீன நடனம். இதை உருவாக்கிய சந்திரலேகா (1928–2006) மகாராஷ்டிரத்தின் வாடாவில் பிறந்தவர். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்து காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் பயின்றார்.

இந்த நடனத்தின் வித்து அவருடைய அரங்கேற்றத்திலேயே விழுந்தது. 1952இல் ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்கு நிதி திரட்ட நடந்த நிகழ்ச்சி அது. ‘மதுரா நகரிலோ’ பாடலுக்கு யமுனையின் நீர்ப்பெருக்கை அபிநயித்துக்கொண்டிருந்தபோது, படங்களில் பார்த்த வெடித்த வயல்களும் தண்ணீருக்காக வரிசையில் நின்ற பெண்களும் நினைவில் எழுந்து, ஆட்டம் தடுமாறியது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். கலைக்கும் வாழ்வுக்கும் நடுவிலிருந்த அந்த இடைவெளி அவரை விடவே இல்லை.

1960களுக்குப் பிறகு பெரும்பாலும் மேடையை விட்டு ஒதுங்கியே இருந்தார். பெண்கள் இயக்கத்துக்குச் சுவரொட்டிகள் வரைந்தார். வடிவமைப்பாளர் தஷ்ரத் படேல், பத்திரிகையாளர் சதானந்த் மேனன் ஆகியோருடன் ‘ஸ்கில்ஸ்’ என்ற மையத்தை நடத்தினார். 1982இல் அவர்மீதும் மேனன்மீதும் தமிழகக் காவல்துறை தேசத்துரோக வழக்குப் போட்டது. அது பிறகு கைவிடப்பட்டது.

1984இல் மும்பையில் நடந்த கிழக்கு–மேற்கு நடனச் சந்திப்பு அவரை மேடைக்குத் திரும்ப அழைத்து வந்தது. அடுத்த ஆண்டே ‘அங்கிகா’ வந்தது. காத்திருக்கும் நாயகி, சலங்கைக்கு மேல் மின்னும் நகை என்று ரசிகர்கள் எதிர்பார்த்து வந்த எதுவும் அதில் இல்லை. முழங்கால்களை மடித்து நிற்கும் அரைமண்டி மட்டும் இருந்தது, அழகுக்கான நிலையாக இல்லாமல் உடலின் வலுவாக. ஆணை வாகனமாக்கி அவன் முதுகில் பெண் அமரும் காட்சி பலரை நெளிய வைத்தது. கடவுளர் வாகனங்களைக் கோயில்தோறும் பார்த்துப் பழகிய கண்களுக்கு இது ஏன் உறுத்த வேண்டும் என்பது நியாயமான கேள்விதான்.

1990களின் தொடக்கத்தில் வந்த ‘ஸ்ரீ’ இன்னும் கூர்மையானது. முதுகுத்தண்டு வளைந்து, தலை தாழ்ந்த பெண்கள் மேடையைக் கடந்து போகிறார்கள். மெல்ல, மிக மெல்ல. அடிமைத்தனத்தை விளக்க ஒரு வசனமும் தேவைப்படவில்லை. முடிவில் பல கைகள் கொண்ட சக்தியாக நிமிர்கிறார்கள். கருத்தைக் கதையாக்கி ஆடிக்காட்டிய பிரசார நாட்டியங்களிலிருந்து இவருடைய ஆக்கங்கள் விலகி நிற்பது இங்கேதான். அவருடைய அரசியல் முதுகெலும்பில் இருந்தது.

குண்டேச்சா சகோதரர்களின் துருபத் இசையோடு 2001இல் உருவான ‘சரீரா’ அவருடைய கடைசி ஆக்கம். ஓர் ஆண், ஒரு பெண், இருவரும் அசைவதே தெரியாத அளவுக்கு நிதானம். காமத்தை வெட்கமின்றியும் மலினப்படுத்தாமலும் காட்டிய ஆக்கம் இது.

சந்திரலேகாவின் பார்வையில் ஆண்–பெண் சமத்துவம் நடுநாயகமாக இருந்தது. சாதி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. பரதத்தைக் காத்து வந்த இசை வேளாளர் குடும்பங்களிடமிருந்து அந்தக் கலை எப்படிக் கைமாறியது என்ற கேள்வியை, அக்குடும்பங்களிலிருந்தே வந்த நடனக் கலைஞர்கள் இன்று சென்னையில் உரக்க எழுப்புகிறார்கள். சந்திரலேகாவின் வழியோ அவரோடு நின்றுவிடவில்லை. அவருடைய குழுவில் ஆடிய பத்மினி செட்டூர் தனி ஆக்கங்களை உருவாக்கி, அலங்காரம் துறந்த உடல்மொழியை வேறொரு திசையில் கொண்டு சென்றார்.