பச்ச உடம்புக்காரியின் மனசை யார் கேட்டார்கள்?



இந்த மலருக்கு ஒரு கட்டுரை எழுதச் சொன்னபோது, கடன், வட்டி, ஆடு வளர்ப்பு பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் வேறு ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். பிள்ளை பெத்த பொம்பளைக்கு மனசு சரியில்லாமல் போவதைப் பற்றி. நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவள். சுகாதாரப் பயிற்சியில் சொன்னதை நோட்டில் குறித்து வைத்தேன். நர்சம்மாவிடம் கேட்டேன். என் மாமியாரிடமும் கேட்டேன். அதையெல்லாம் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

முதலில் என் கதை. மூத்த பொண்ணு 2009-ல் பிறந்தாள். தலைப் பிரசவம் அம்மா வீட்டில். அம்மா பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுப்பாள், பக்கத்து வீட்டு ஆயா பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி சாம்பிராணி போடும். நான் தூங்கி எழுந்து பால் கொடுத்தால் போதும். அஞ்சாம் மாசம்தான் சீரோடு புருஷன் வீடு வந்தேன்.

இரண்டாவது பொண்ணு 2013-ல். அதற்குள் என் அம்மா இறந்துவிட்டாள். ரெண்டாவது பிரசவத்துக்கு யார் அழைத்துப் போவார்கள்? புருஷன் வீட்டிலேயே இருந்தேன். ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பார்த்ததும் அத்தை, "இதுவும் பொட்டப் புள்ளையா?" என்று கேட்டுவிட்டு வராண்டாவுக்குப் போய்விட்டார். ஒன்பதாம் நாள் அடுப்படிக்கு வந்துவிட்டேன்.

பிள்ளை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது. சோறு இறங்காது. பிள்ளை அழுதால் தூக்கத் தோன்றாது, அப்படித் தோன்றவில்லையே என்று வேறு அழுகை வரும். 'நான் கெட்ட தாய்' என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் கிணத்து மேட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை அழும் சத்தம் கேட்டு, எழுந்து வந்தேன். இதை இன்றுதான் முதல் முறையாக எழுதுகிறேன்.

அந்த வருஷத்து எங்கள் குழுவின் தீர்மான நோட்டை இந்தக் கட்டுரைக்காக எடுத்துப் பார்த்தேன். என் பேருக்கு நேராக, "கூட்டத்துக்கு வரவில்லை, அபராதம் ரூ.5" என்று இரண்டு முறை இருக்கிறது. அந்த அபராதம்தான் என்னைக் காப்பாற்றியது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சேமிப்புப் பணமும் அபராதமும் வாங்க எங்கள் குழுப் பெரியம்மா ஒருவர் வீட்டுக்கு வந்தார். என்னைப் பார்த்தார். பணத்தைக் கேட்கவில்லை.

"இன்னா கண்ணு, மூஞ்சி இப்படி கீது? சாப்டியா, தூங்கினியா?" என்று கேட்டார்.

அதுவரை வந்தவர்கள் எல்லாரும் பிள்ளைக்கு எடை ஏறியதா, பால் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். என்னைப் பற்றிக் கேட்டது அவர் ஒருவர்தான். அழுதுவிட்டேன். அவர் புத்தி சொல்லவில்லை, திட்டவும் இல்லை. பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, "நீ சொல்லு, நான் கேட்டுக்கினு கீறேன்" என்றார். அதன் பிறகு தினமும் ஆடு ஓட்டி வந்த கையோடு சாயங்காலம் வருவார். பத்து நாள் கழித்து நர்சம்மாவிடம் கூட்டிப்போனார். நர்சம்மா டாக்டரிடம் அனுப்பினார். மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாசத்தில் நான் பழைய ஆளாகிவிட்டேன்.

பெரியம்மா செய்ததற்கு ஒரு பேர் உண்டு, அதற்கு ஒரு சரித்திரமும் உண்டு என்று பயிற்சியில்தான் தெரிந்துகொண்டேன். ஆலோசனை என்று புத்தகத்தில் சொல்கிறார்கள். அந்தச் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நம்ம ஊரில் அந்தக் காலத்தில் இதைச் "சன்னி கண்டிருச்சு" என்பார்கள். காத்து கருப்பு என்பார்கள். வேப்பிலை அடிப்பார்கள், கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள். வெளிநாட்டிலும் இதை ரொம்ப நாள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. 1858-ல் பிரான்சு நாட்டு டாக்டர் லூயி விக்டர் மார்சே, கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் வரும் மனநோயைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் எழுதினார். அதற்குப் பிறகும் கவனித்தது புத்தி பேதலித்துப் போன பெண்களைத்தான். வீட்டில் இருந்துகொண்டே வேலையும் செய்துகொண்டு உள்ளுக்குள் அழுதவர்களை யாரும் எண்ணவில்லை.

1968-ல் லண்டனில் பிரைஸ் பிட் என்ற டாக்டர் பிரசவமான 305 பெண்களைக் கேட்டுப் பார்த்தார். சுமார் பத்தில் ஒருத்தருக்கு மனச்சோர்வு இருந்தது. அதன் பிறகு 1987-ல் ஸ்காட்லாந்தில் ஜான் காக்ஸ், ஜெனி ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி மூன்று பேரும் சேர்ந்து பத்துக் கேள்வி கொண்ட ஒரு தாளைத் தயாரித்தார்கள். எடின்பரோ அளவுகோல் என்று அதற்குப் பேர். கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணம் இல்லாமல் பயம் வந்ததா, அழுகை வந்ததா என்று கேட்கும். கடைசிக் கேள்வி, தன்னையே ஏதாவது செய்துகொள்ள நினைத்தாளா என்பது. ரத்தப் பரிசோதனை வேண்டாம், மெஷின் வேண்டாம். கேட்டால் போதும். இன்று உலகம் முழுக்க இதை வைத்துத்தான் கேட்கிறார்கள்.

கேட்டுக் கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது? அதற்குப் பதில் 1989-ல் வந்தது. ஹோல்டனும் அவரோடு இருந்தவர்களும், வீடு வீடாகப் போகும் சுகாதார செவிலியர்களுக்கு ஆலோசனை சொல்லக் கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் வாரம் ஒரு முறையாக எட்டு வாரம் போய், தாய் பேசுவதைக் கேட்டார்கள். அப்படிப் பேசிய 26 பேரில் 18 பேர் குணமானார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த 24 பேரில் 9 பேர்தான் குணமானார்கள். எங்கள் பெரியம்மா செய்ததும் இதேதான்.

சரி, வெள்ளைக்காரப் பெண்களுக்கு வந்தது நமக்கு வருமா என்று கேட்கலாம். 2002-ல் வெளிவந்த ஒரு ஆய்வு நம்ம வேலூர் பக்கம் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் செய்தது. 359 கர்ப்பிணிகளைப் பார்த்து, பிரசவத்துக்குப் பிறகும் போய்ப் பார்த்தார்கள். நூற்றுக்குப் பதினோரு பேருக்குப் பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கு அதிகம் வந்தது தெரியுமா? வருமானம் குறைந்தவர்களுக்கு, ஆண் பிள்ளை வேண்டும் என்று இருந்தபோது பெண் பிள்ளை பிறந்தவர்களுக்கு, மாமியாரோடும் பெத்தவர்களோடும் ஒத்துப்போகாதவர்களுக்கு, வீட்டு வேலைக்குக் கை உதவி இல்லாதவர்களுக்கு. இதைப் பயிற்சியில் வாசித்தபோது என் கதையை யாரோ வாசிப்பது போல இருந்தது. நான் கெட்ட தாய் இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. 2005-ல் அந்தப் பத்துக் கேள்வியின் தமிழ் வடிவத்தையும் சரிபார்த்து வெளியிட்டிருக்கிறார்கள்.

டாக்டர்கள் குறைவாக உள்ள இடத்தில் யார் போய்ப் பேசுவது? பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில் ஒரு வழி கண்டார்கள். அங்கே அந்தந்த ஊர்ப் பெண்களே சுகாதாரப் பணியாளர்களாக இருக்கிறார்கள். அவர்களுக்கு அதிஃப் ரஹ்மான் என்ற டாக்டரின் குழு பயிற்சி கொடுத்தது. கர்ப்பத்தின் கடைசி மாசத்தில் ஆரம்பித்துப் பிள்ளைக்குப் பத்து மாசம் ஆகும் வரை 16 முறை வீட்டுக்குப் போனார்கள். 'உனக்கு மனநோய்' என்று சொல்லவில்லை. பிள்ளை நன்றாக வளர நீ நன்றாக இருக்கணும் என்று சொல்லி, மாமியாரையும் கூட உட்கார வைத்துப் பேசினார்கள். எல்லாருமே கர்ப்பத்தில் மனச்சோர்வு இருந்த பெண்கள். பிள்ளைக்கு ஆறு மாசம் ஆனபோது, இப்படிப் பேசிய பெண்களில் நூற்றுக்கு 23 பேருக்குத்தான் சோர்வு மிச்சம் இருந்தது. மற்றவர்களில் 53 பேருக்கு இருந்தது. இது 2008-ல் வெளிவந்தது. 2015-ல் உலக சுகாதார நிறுவனம் இந்த முறையைக் கையேடாகவே போட்டுவிட்டது.

அடுத்ததைக் குழுப் பெண்களாகிய நாம் கட்டாயம் தெரிந்துகொள்ளணும். ஜார்க்கண்ட், ஒடிசா கிராமங்களில் ஏக்ஜுட் என்ற அமைப்பு 2005 முதல் 2008 வரை பெண்கள் குழுக்களை வைத்தே வேலை செய்தது. மாசம் ஒரு கூட்டம். படம் காட்டி, கதை சொல்லி, பிரசவத்தில் நம்ம ஊரில் என்ன கஷ்டம், நாமே என்ன செய்யலாம் என்று பேசினார்கள். பிறந்த ஒரு மாசத்துக்குள் இறக்கும் குழந்தைகள் எண்ணிக்கை சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. தாய்மாரின் மனச்சோர்வு முதலில் குறையவில்லை. மூன்றாம் வருஷத்தில்தான் நடுத்தர மனச்சோர்வு பாதிக்கு மேல் குறைந்தது. ஒரு கூட்டத்தில் தீர்மானம் போட்டால் மறு மாசமே பலன் வராது, விடாமல் கூடணும் என்று இதில் தெரிகிறது.

நம் தமிழ்நாட்டில் குழுக்கள் 1989-ல் தருமபுரியில் ஆரம்பித்தன. 1997-ல் மகளிர் திட்டமாக வளர்ந்தன. இத்தனை வருஷமாக யார் வீட்டில் கடன், யார் வீட்டில் குடிகாரன் என்று எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறோம். ஆனால் பச்ச உடம்புக்காரியைப் பார்த்து "நீ எப்படி இருக்கே?" என்று கேட்க நாம் பழகவில்லை.

என் மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லணும். இதை எழுதும்போது அவரிடம் போய், "அத்தை, உங்க காலத்துல எப்படி?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். ஏழு பெற்று நாலு தங்கியது அவருக்கு. ஒன்பதாம் நாள் களை எடுக்கப் போனவர். அவர் தங்கைக்குப் பிரசவத்துக்குப் பிறகு சன்னி என்று சொல்லிக் கையைக் கட்டிப் போட்டார்களாம். அப்புறம் அந்தப் பெண் புருஷன் வீட்டுக்குத் திரும்பவே இல்லையாம். கடைசியில், "என்னை யாரு கேட்டாங்க, நான் உன்னைக் கேக்க?" என்றார். அதுவரை எனக்கு அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி அன்றைக்கே போய்விட்டது.

இனி, நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை.

பிரசவமான முதல் சில நாளில் காரணம் இல்லாமல் அழுகை வருவது பல பேருக்கு உண்டு. பத்துப் பதினைந்து நாளில் தானே போய்விடும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது மனச்சோர்வு. பேச ஆள் வேண்டும், நர்சம்மாவிடம் சொல்லணும். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, இல்லாத குரல் கேட்பது, சம்பந்தமில்லாமல் பேசுவது, தூங்காமல் அலைவது என்று வரும். அவளையும் பிள்ளையையும் தனியாக விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகணும். சாக நினைக்கிறேன் என்று ஒருத்தி சொன்னாலும் அப்படித்தான். இது வைத்தியத்தில் குணமாகும் நோய். பூசாரியிடம் போய் நாளைக் கடத்தக் கூடாது. 2022 அக்டோபர் 10 முதல் மத்திய அரசின் டெலி மானஸ் சேவை இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்கு ராத்திரி பகல் எப்போதும் இலவசமாகக் கூப்பிடலாம். தமிழில் பேசுவார்கள்.

எங்கள் குழுவில் இரண்டு தீர்மானம் போட்டிருக்கிறோம். ஒன்று, பிரசவமான உறுப்பினருக்கு ஆறு மாசம் அபராதம் கிடையாது. இரண்டு, எட்டு வாரம், வாரம் ஒரு தடவை, இரண்டு பேர் அவள் வீட்டுக்குப் போகணும். போனால் முதலில் அவளைக் கேட்கணும், பிறகுதான் பிள்ளையை. ஒருத்தர் அவளோடு பேசும்போது இன்னொருத்தர் துணி துவைத்துக் கொடுக்கலாம், மாமியாரிடம் பேசலாம். அவள் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது.

இதுவரை இரண்டு வீட்டுக்குப் போயிருக்கிறோம். ஒருத்தி மூன்றாம் வாரத்தில் மனசு விட்டுப் பேசினாள். இன்னொருத்தி கடைசி வரை, "நல்லாத்தான் கீறேன்க்கா" என்றே சொன்னாள். அவள் நன்றாக இருக்கிறாளா, மறைக்கிறாளா என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் எட்டு வாரமும் போனோம். கதவு தட்ட ஆள் உண்டு என்று அவளுக்குத் தெரியும்.

இந்த இரண்டு தீர்மானத்தையும் கூட்டமைப்பில் உள்ள எல்லாக் குழுக்களும் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். செலவு எதுவும் இல்லை. எங்கள் பெரியம்மா இப்போது இல்லை. போன வருஷம் தவறிவிட்டார். அவர் கேட்ட கேள்வியை நாம் கேட்டால் போதும்: "சாப்டியா, தூங்கினியா?"