கீழிறங்கிய நிலம், மேலேறிய ஆறு

ஜெர்மனியின் ரூர் நிலக்கரிப் பிரதேசம் தன் பெயரை ரூர் ஆற்றிலிருந்து பெற்றது. ஆனால் சுரங்கங்களின் சுமையைப் பெரிதும் தாங்கியது அதற்கு வடக்கே ஓடும் எம்ஷர் என்னும் சிற்றாறு. டோர்ட்மண்ட் அருகே தோன்றி ரைன் நதியில் கலக்கும் அது, சரிவு குறைந்த சமவெளியில் வளைந்து வளைந்து சென்றது. கரையெங்கும் சதுப்புக் காடுகள். அவற்றில் காட்டுக் குதிரைகள் திரிந்தன. அவற்றைப் பிடித்து விற்ற க்ராங்கே சந்தை இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது, ராட்டினங்கள் சுழலும் திருவிழாவாக. குதிரைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மறைந்துவிட்டன.

1847இல் இப்பள்ளத்தாக்கின் வழியே ரயில் பாதை வந்தது. ஆழ்சுரங்கங்கள் பெருகின. நிலக்கரியை எடுத்தபின் மேற்பாறையைச் சரியவிடுவது வழக்கம். பல நூறு மீட்டர் ஆழத்தில் உண்டான வெற்றிடம் மெல்ல மேலேறி, தரையில் அகன்ற பள்ளமாக வெளிப்படும். சுவரில் விழும் விரிசலை எவரும் காண்பர். ஆற்றின் சரிவு கெடுவதை வெள்ளம் வந்த பிறகே உணர்வர். எம்ஷரில் இருந்த சரிவோ சொற்பம். தரை இறங்க இறங்க நீர் தேங்கியது. சுரங்க நீர், ஆலைக் கழிவு, நகரங்களின் சாக்கடை யாவும் அதில் சேர்ந்து, வெள்ளந்தோறும் வீடுகளுக்குள் புகுந்தன. நோய்கள் பரவின.

1899இல் நகரங்களும் சுரங்க, ஆலை நிறுவனங்களும் இணைந்து எம்ஷர் கூட்டமைப்பை நிறுவின. அமிழ்ந்துகொண்டே இருக்கும் மண்ணில் பாதாளச் சாக்கடைக் குழாய்கள் உடைந்துவிடும் என்பதால், ஆற்றையே திறந்த சாக்கடையாக்க முடிவாயிற்று. ரூர் ஆறு குடிநீருக்கு, எம்ஷர் கழிவுக்கு என்று பங்கீடு நடந்தது. வளைவுகளை நிமிர்த்தினர், கான்கிரீட் பதித்தனர், தரை தாழுந்தோறும் கரைகளை உயர்த்தினர். பல இடங்களில் ஆறு ஊருக்கு மேலே ஓடலாயிற்று. கிளையோடைகளின் நீரைப் பம்பு வைத்து ஏற்ற வேண்டியிருந்தது. ரைனோடு சேரும் முகத்துவாரத்தையே 1910இலும் 1949இலும் வடக்கே நகர்த்தினர். அந்த ஓடைகளுக்கு மக்கள் இட்ட வட்டாரப் பெயரைத் தமிழில் 'பீவாய்க்கால்' என்றுதான் சொல்ல முடியும்.

அப்பொறியாளர்களைப் பழிப்பது எளிது; எனக்கு மனம் வரவில்லை. நிலத்தை அமிழ்த்தியவர்கள் அவர்கள் அல்லர். தேங்கிய நீரை வெளியேற்றி நோயைக் குறைத்தார்கள். ஆனால் அதற்கு விலையாக ஓர் ஆற்றையும் அதன் சதுப்பையும் கொடுத்தார்கள். அந்த விலையைப் பேசியோர் மேசையில் ஆற்றுக்கு இருக்கை இல்லை.

சுரங்கங்கள் வடக்கே நகர்ந்து தரை நிலைகொண்ட பின்னரே குழாய் பதிக்க இயன்றது. 1992இல் தொடங்கிய மீட்புப் பணியில் டோர்ட்மண்டிலிருந்து டின்ஸ்லாகன் வரை 51 கி.மீ. நீளத்துக்கு நிலத்தடிக் கழிவுநீர்ப் பாதை அமைந்தது. 2021 இறுதியில் எம்ஷர் கழிவுநீரிலிருந்து விடுபட்டது. செலவு ஏறத்தாழ 550 கோடி யூரோ. மீன்கள் திரும்பின. ஆயினும் அமிழ்ந்த நிலம் எழவில்லை. எம்ஷர் வடிநிலத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு அருகே, பம்புகள் நின்றால் நீரில் மூழ்கும்.

பொட்ராப் நகரில் ரூரின் கடைசிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. அதற்குப் பதினோராண்டு முன்பே, 2007இல், பம்புகளை ஓட்டும் செலவுக்காக ஓர் அறக்கட்டளை அமைத்துவிட்டனர். இறைப்புக்கு முடிவுத் தேதி கிடையாது. அதன் கணக்கேட்டில் அச்செலவுக்கு இட்டிருக்கும் தலைப்பு 'நித்தியச் சுமைகள்'.