ஜி.யு.போப் கல்லறையில் என்ன எழுதியிருக்கிறது?

ஜி.யு.போப் என்றதும் நம் எல்லோருக்கும் ஞாபகம் வருவது, 'தன் கல்லறையில் தமிழ் மாணவன் என்று எழுதச் சொன்னார்' என்று பள்ளிக்கூடத்தில் கேட்ட கதைதான். ஆனால் நண்பர்களே, ஆக்ஸ்போர்டில் உள்ள அவர் கல்லறையில் அப்படி ஒரு வாசகமே இல்லை!

1820-ல் இன்றைய கனடாவில் உள்ள பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்தவர் போப். கிறிஸ்தவ மதத்தைப் பரப்ப 1839-ல் தமிழகம் வந்தார். சாயர்புரம், தஞ்சாவூர், ஊட்டி என்று பல ஊர்களில் இருந்தார். பிறகு ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்றுக்கொடுத்தார். 1886-ல் திருக்குறள், 1893-ல் நாலடியார், 1900-ல் தன் 80-வது வயதில் திருவாசகம் என மூன்றையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்.

இதில் திருவாசகம்தான் பெரிய ஆச்சரியம். குறளை எந்த மதத்தவரும் சொந்தம் கொண்டாடலாம். திருவாசகம் முழுக்க முழுக்க சிவபக்தி. நவீன கிரேக்கக் கவிதைகளை மொழிபெயர்த்த பிலிப் ஷெரார்ட் என்ற ஆங்கிலேயர், கிரேக்கர்களின் ஆர்த்தடாக்ஸ் சபையிலேயே சேர்ந்துவிட்டார். போப் மாறவில்லை. கடைசிவரை பாதிரியார்தான். ஆனாலும் மதம் மாற்ற வந்தவர், மாணிக்கவாசகரின் பக்தியை மதித்து, சைவ சித்தாந்தத்துக்கு விளக்கமும் எழுதிச் சேர்த்தார். தன் நம்பிக்கையை விடாமலே அடுத்தவர் நம்பிக்கையை மதிக்க முடியும் என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

1908-ல் போப் இறந்தார். குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்த கல் இது என்றுதான் அவர் கல்லறை சொல்கிறது. அவர் தன்னை மாணவன் என்று சொல்லிக்கொண்டதாக வரும் கதையைவிட, நம்மவர்கள் அவரை நண்பர் என்று சொன்ன இந்த உண்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது. மெரினாவில் அவர் சிலையைப் பார்த்தால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.