ஒரே கேள்வி, ஒரு மணி நேரம்: 1948-இன் ரேடியோ விவாதம்

அமெரிக்க அதிபர் வேட்பாளர் விவாதம்னு சொன்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? எட்டுப் பத்து பேர் மேடையில் வரிசையா நிப்பாங்க, ஆளுக்கு ஒரு நிமிஷம் பேசுவாங்க, மறுநாள் அதுல பதினஞ்சு செகண்ட் மட்டும் ரீல்ஸ்ல சுத்தும். நான் போன வாரம் கேட்டது அந்த மாதிரி இல்ல. ஆமா, கேட்டதுதான். பார்க்க வழியே கிடையாது, அது ரேடியோ.

1948 மே 17, ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்ட். ஒரு வானொலி நிலையத்தில் குடியரசுக் கட்சியின் இரண்டு பேர்: நியூயார்க் கவர்னர் தாமஸ் டூயி, மினசோட்டாவின் முன்னாள் கவர்னர் ஹெரால்ட் ஸ்டாசன். நாலு நாள் கழித்து அங்கே உட்கட்சித் தேர்தல். விஸ்கான்சினையும் நெப்ராஸ்காவையும் ஸ்டாசன் ஏற்கெனவே ஜெயிச்சாச்சு. 1944-லேயே ரூஸ்வெல்ட்டிடம் தோற்ற டூயிக்கு இதுவும் போனா அவ்வளவுதான்.

கூட்டம் வேண்டாம், ஸ்டுடியோ போதும்னு டூயி தரப்பு பிடிவாதம் பிடித்தது. கைதட்டல் இல்லை, கூச்சல் இல்லை. ஒரே ஒரு கேள்வி: அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்யணுமா?

பனிப்போர் சூடுபிடிக்கிற நேரம் அது. பிப்ரவரியில்தான் செக்கோஸ்லோவாகியாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்திருந்தார்கள். "தடை செய்யணும்"னு சொல்றதுதான் சுலபமான பக்கம். அதை ஸ்டாசன் எடுத்தார். முதல்ல பேசியதும் அவர்தான். உண்மையைச் சொல்லிடறேன், முதல் பத்து நிமிஷம் நான் அவர் பக்கம் சாய்ந்துட்டேன். கனமான, நிதானமான குரல். 31 வயசுல கவர்னர் ஆன மனுஷன், போருக்காகப் பதவியை விட்டு கடற்படைக்குப் போனவர். ஐ.நா. சாசனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர்.

அப்புறம் டூயி வந்தார். இவர் பழைய வழக்கறிஞர். லக்கி லூசியானோ என்ற மாஃபியா தலைவனைச் சிறைக்கு அனுப்பியவர். ஒரு கட்சியைத் தடை செய்தா அது தலைமறைவாகும், கண்ணுக்குத் தெரியாம போகும். ஒரு கருத்தைச் சட்டத்தால சுட்டு வீழ்த்த முடியாது. இதுதான் அவர் வாதம். சதி, உளவு எல்லாத்துக்கும் ஏற்கெனவே சட்டம் இருக்குன்னு வரிசையா அடுக்கினார்.

ஸ்டாசனுடைய ஆயுதம் அப்போது நாடாளுமன்றத்தில் இருந்த முண்ட்–நிக்சன் மசோதா. (அதே நிக்சன்தான், அப்போ இளம் எம்.பி.) அது கட்சியைத் தடை செய்யும்னு அவர் சொல்ல, டூயி அமைதியா முண்ட்டுடைய சொற்களையே எடுத்து வைத்தார்: மசோதா தடையே செய்யலை. அந்த இடத்தில் காற்று இறங்கினது ரேடியோவிலேயே கேட்குது.

என்னை உறுத்தினது இதுதான். டூயி கொள்கைக்காக என்னை மாற்றினாரா, இல்லை குறுக்கு விசாரணையோட அழகுல நான் மயங்கிட்டேனா? ரெண்டாவது தடவை கேட்டேன். பாதிக்குப் பாதின்னு தோணுது.

ஓரிகனில் டூயி சுமார் 10,000 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஜூனில் கட்சி வேட்பாளரும் ஆனார். ஆனா அதுக்கப்புறம் அந்தப் போர்ட்லாண்ட் டூயியைக் காணோம். ஜெயிச்சாச்சுன்னு நினைத்து, யாரையும் புண்படுத்தாத பொத்தாம்பொதுவான பேச்சா ஊர் ஊராப் பேசிக்கிட்டே போனார். நவம்பரில் ட்ரூமன் ஜெயித்தார். டூயி ஜெயித்ததாக முன்கூட்டியே அச்சடித்துவிட்ட 'சிகாகோ ட்ரிப்யூன்' பேப்பரை ட்ரூமன் சிரிச்சுக்கிட்டே தூக்கிக் காட்டுற போட்டோ, அதை நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க.