விடுபட்ட ஒரு தொடர்: பெண்ணையாற்றங்கரையிலிருந்து 51ஆம் உறுப்பைப் பார்த்தல்

மேல்பட்டாம்பாக்கத்துக்கு வடக்கே பெண்ணையாறு. அதைத் தாண்டிக் கிழக்கே போனால் பாகூர். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மண். போரைத் துறக்கும் வாசகங்களின் வரலாற்றை இங்கிருந்து தொடங்கக் காரணம் உண்டு. 1752இல் பாகூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினர். 1758இல் ஆங்கிலேயரின் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைப் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்தார். 1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு எதிரே சுஃப்ரெனின் பிரெஞ்சுக் கப்பற்படையும் ஹியூஸின் ஆங்கிலேயக் கப்பற்படையும் பொருதன. வேடிக்கை என்னவென்றால், அதற்குச் சரியாக ஐந்து மாதம் முன்பே வெர்சாயில் முதற்கட்டச் சமாதானம் கையெழுத்தாகிவிட்டது. செய்திதான் கடல் கடந்து வந்துசேரவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1791இன் பிரெஞ்சு அரசமைப்பு, நாடு பிடிக்கும் போரைத் துறப்பதாக அறிவித்தது. ஆனால் 1792இல் ஆஸ்திரியா மீதும், மறு ஆண்டு பிரிட்டன் மீதும் பிரான்சே போர் தொடுத்தது. 1793 ஆகஸ்டில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

1928இன் பாரிஸ் ஒப்பந்தம் போரைத் தேசக் கொள்கையின் கருவியாகக் கொள்வதைத் துறந்தது. அடிமை இந்தியாவின் பெயரிலும் அதில் கையெழுத்து உண்டு. ஜப்பானும் ஒப்பமிட்டது, மூன்றே ஆண்டில் மஞ்சூரியாவுக்குள் புகுந்தது. தோற்ற பிறகு, 1947இல் நடைமுறைக்கு வந்த ஜப்பானிய அரசமைப்பின் 9ஆம் உறுப்பு போரை அடியோடு விலக்கியது.

இந்தியா அவ்வழியே போகவில்லை. 1948ஆம் ஆண்டு இந்திய அரசமைப்பு வரைவின் 40ஆம் உறுப்பைச் சர்வதேச சங்க உடன்படிக்கையின் முகவுரையோடு வைத்துப் படித்தால் இது தெளிவாகும். வெளிப்படையான, நியாயமான, கௌரவமான உறவு, சர்வதேசச் சட்டம், ஒப்பந்தங்களுக்கு மதிப்பு என்று ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் அதே வரிசை. அங்கே முதலில் நிற்கும், போரில் இறங்குவதில்லை என்ற கடப்பாடு மட்டும் இங்கே இல்லை. தற்செயலாக விடுபட்டதாக எனக்குத் தோன்றவில்லை. வரைவு எழுதப்பட்டபோது காஷ்மீரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அவ்வாண்டு நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவை இதை விவாதித்தபோதும் அத்தொடர் திரும்பவில்லை. அதற்குப் பதில் போல, தகராறுகளை நடுவர் தீர்ப்பின் வழி தீர்க்க ஊக்குவித்தல் என்ற கூறு சேர்ந்தது. இறுதியில் அந்த 40ஆம் உறுப்பே அரசமைப்பின் 51ஆம் உறுப்பாயிற்று. அரசு 'முயல வேண்டும்', அவ்வளவுதான். 37ஆம் உறுப்பின்படி நீதிமன்றம் போய் வற்புறுத்த முடியாது. அதே அரசமைப்பின் ஏழாம் அட்டவணையிலோ, ஒன்றியப் பட்டியலில் 15ஆவது பதிவாகப் 'போரும் சமாதானமும்' இருக்கிறது.

இப்படி நெகிழ்ந்த வாசகம் பெண்ணையாற்றின் மறுகரையில் எப்படி வேலை செய்தது? புதுச்சேரிக்குப் பொருளாதார நெருக்கடி கொடுக்க இந்தியா தயங்கவில்லை, ஆனால் படை அனுப்பவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரியை அடுத்த கீழூரில் பிரெஞ்சு இந்தியப் பகுதிகளின் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடனான இணைப்புக்கு வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1956இல் ஆட்சியுரிமை மாற்ற ஒப்பந்தம் கையெழுத்தாகியும் அது சட்டப்படி நிறைவேற 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பின் நடுவிலேதான், 1961 டிசம்பரில், அதே 51ஆம் உறுப்பைக் கையில் வைத்திருந்த அரசு போர்ச்சுகல் ஆண்ட கோவாவுக்குள் படையை அனுப்பியது. போர்ச்சுகல் பேச மறுத்தது, பிரான்ஸ் பேச வந்தது. இரண்டு முடிவுகளுக்கும் இடையிலான வேறுபாட்டை உறுப்பின் சொற்களில் தேடிப் பயனில்லை.